சட்டை விலை 9 பவுண்டு 15 பென்ஸ்: சீனப் பள்ளி மாணவர்களின் ஆங்கிலக் காதையும் கண்ணையும் அளப்பது எப்படி?

சீனாவில் மேல்நிலைப் பள்ளி முடித்த ஒருவரிடம் "சட்டை என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் யோசிக்காமல் "9 பவுண்டு 15 பென்ஸ்" என்பார். அங்கே பவுண்டு செல்லாது. அந்தச் சட்டையை யாரும் பார்த்ததும் கிடையாது. ஆனாலும் அந்த விலை மாணவர்களுக்கு மனப்பாடம், இணையத்தில் அதை வைத்துக் கேலித் துணுக்குகள் ஏராளம். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளில் கேட்டல் பகுதிக்கு முன்னால் வரும் மாதிரிக் கேள்விதான் இது. பல ஆண்டுகளாக அதே கேள்வி, அதே விடை. பயிற்சித் தாள்களிலும் அதுவே வருவதால் தேர்வு நாளுக்குள் காது புளித்துப் போயிருக்கும்.

மூன்று விடைகள் கொடுத்திருப்பார்கள்: 19.15, 9.18, 9.15. சரியானது மூன்றாவது.

கேலிக்குரிய கேள்வி என்றாலும், கேட்டல் தேர்வு எப்படி வேலை செய்கிறது என்பது இதிலேயே இருக்கிறது. தவறான அந்த இரண்டு விலைகளும் ஏதோ வாயில் வந்த எண்கள் அல்ல. 'நைன்' என்பதற்கும் 'நைன்டீன்' என்பதற்கும் ஓர் அசைதான் வித்தியாசம், ஆகவே 19.15. 'ஃபிஃப்டீன்', 'எய்ட்டீன்' இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றன, ஆகவே 9.18. முன்பாதியைத் தவறவிட்டவர் ஒரு குழியில் விழுவார், பின்பாதியைத் தவறவிட்டவர் இன்னொன்றில் விழுவார். அந்த இடத்தில் 42.60 என்று ஒரு விலை இருந்திருந்தால் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள், அது இருந்தும் இல்லாத விடை. சரியான விடை எதுவென்று கேள்வி தயாரிப்பவருக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் தவறான விடைகளை யோசிப்பதில் போகும்.

எந்தத் தேர்வு இது

காவோகாவோ என்று பெயர். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 7ஆம் தேதி தொடங்கும். 2003க்கு முன்னால் ஜூலையில் நடந்தது. வெயிலும் வெள்ளமும் தொல்லை கொடுத்ததால் ஒரு மாதம் முன்னே கொண்டுவந்தார்கள். 2024இல் இதற்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர்.

கலாசாரப் புரட்சியில் நின்றுபோன இந்தத் தேர்வு 1977 கடைசியில் திரும்ப வந்தபோது ஆங்கிலத்துக்குப் பெரிய மரியாதை இல்லை. அயல்மொழி மதிப்பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மொத்தத்தில் சேர்க்கத் தொடங்கினார்கள். 1983இல்தான் அது முழுதாகச் சேர்ந்தது. இன்று சீனமொழிக்கு 150, கணிதத்துக்கு 150, அயல்மொழிக்கும் 150. அயல்மொழி என்றால் ஆங்கிலம்தான் என்று கட்டாயம் இல்லை. ரஷ்யன், ஜப்பானியம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகியவற்றில் ஒன்றையும் எழுதலாம். ஆங்கிலத்தில் தேற மாட்டோம் என்று பயந்து ஜப்பானியத்துக்குத் தாவுகிறவர்களும் உண்டு. சீன எழுத்து தெரிந்தவர்களுக்கு அதில் பாதி வழி தெரிந்த வழிதானே.

ஆங்கிலத் தேர்வு ஜூன் 8ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கு. இரண்டு மணி நேரம். பல மாகாணங்கள் இப்போது பயன்படுத்தும் புதிய தேசியத் தாளில் கேட்டலுக்கு 30 மதிப்பெண், வாசிப்புக்கு 50, கோடிட்ட இடம் நிரப்புவது மாதிரியான மொழிப் பயன்பாட்டுக்கு 30, எழுதுவதற்கு 40. பாதிக்கு மேல், அதாவது 80 மதிப்பெண், கேட்பதற்கும் படிப்பதற்கும் போகிறது. பெய்ஜிங், ஷாங்காய் போன்ற இடங்களில் கணக்கு வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

தலைக்குள் நடப்பதை அளப்பது

ஒருவர் பேசினால் நமக்குக் கேட்கிறது, எழுதினால் பார்க்க முடிகிறது, தப்பு எங்கே என்று காட்டவும் முடிகிறது. கேட்பதும் படிப்பதும் அப்படி இல்லை. முழுக்கத் தலைக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. தேர்வாளர் கையில் கிடைப்பது விடைத்தாளில் பென்சிலால் கருக்கிய ஒரு கட்டம் மட்டும். அந்தக் கட்டத்தை வைத்துக்கொண்டு "இந்தப் பிள்ளைக்குப் புரிந்தது", "இந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

தீர்ப்பு இரண்டு பக்கமும் பிசகலாம். புரியாமலே சரியான கட்டத்தைக் கருக்கலாம்: குருட்டு அடி, பொது அறிவு, எங்கோ காதில் விழுந்த ஒரு சொல். நன்றாகப் புரிந்தும் தவறான கட்டத்தைக் கருக்கலாம்: கேட்டதைப் பத்து வினாடியில் மறந்திருப்பார், அல்லது விடைகளைப் படிக்க நேரம் போதாமல் போயிருக்கும், இல்லாவிட்டால் கேள்வியே குழப்பமாக இருந்திருக்கும். பி.எட். படித்தவர்களுக்கு 'ஏற்புடைமை' என்ற சொல் ஞாபகம் இருக்கும். எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதையே ஒரு தேர்வு அளக்கிறதா என்பதுதான் அதன் பொருள். கேட்டல் தேர்வில் இந்தக் கேள்வி ஒவ்வொரு அடியிலும் தலை நீட்டும்.

குருட்டு அடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டல் பகுதியில் 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண், ஒவ்வொன்றிலும் மூன்று விடைகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கட்டங்களைக் கருக்கினாலும் சராசரியாக மூன்றில் ஒன்று சரியாகும். 30க்கு 10 மதிப்பெண் சும்மா வரும். ஆகவே இந்தப் பகுதியில் 12 வாங்கியவருக்கு ஆங்கிலம் 40 சதவீதம் கேட்கத் தெரியும் என்று பொருள் இல்லை. கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது என்றும் இருக்கலாம்.

அப்படியானால் நான்கு விடை கொடுத்திருக்கலாமே? வாசிப்புப் பகுதியில் நான்குதான் இருக்கிறது. கேட்டலில் மூன்றோடு நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. விடைகள் தாளில் அச்சாகியிருக்கின்றன, மாணவர் அவற்றைப் படித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். விடைகள் நீண்டால், எண்ணிக்கை கூடினால், அது கேட்கும் தேர்வாக இல்லாமல் அவசரமாகப் படிக்கும் தேர்வாக மாறிவிடும். அதனால்தான் விடைகள் பெரும்பாலும் நான்கைந்து சொற்களைத் தாண்டுவதில்லை.

கேட்டல் பகுதி உள்ளே எப்படி இருக்கிறது

மொத்தம் சுமார் 20 நிமிடம். முதல் பாகத்தில் ஐந்து குட்டி உரையாடல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். ஒவ்வொன்றும் முடிந்ததும் 10 வினாடி கிடைக்கும். அதற்குள் விடையைக் குறித்துவிட்டு அடுத்த கேள்வியையும் படித்துவிட வேண்டும். இரண்டாம் பாகத்தில் கொஞ்சம் நீளமான உரையாடல்களும் ஒருவரே பேசும் பேச்சும் ஐந்து வரும், அவற்றுக்கு 15 கேள்விகள். இவை இரண்டு முறை ஒலிக்கும். ஒலிக்கும் முன் கேள்விக்கு 5 வினாடி படிக்க, முடிந்த பின் கேள்விக்கு 5 வினாடி விடை குறிக்க.

ஒரு முறையா, இரண்டு முறையா என்பது தேர்வு உலகத்தில் தீராத சண்டை. வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் எழுதியவர்களுக்குத் தெரியும், அங்கே 40 கேள்விக்கும் ஒலிப்பதிவு ஒரே முறைதான். "நிஜ வாழ்க்கையில் யார் இரண்டு தடவை சொல்கிறார்கள்?" என்பது ஒரு கட்சி. நிஜ வாழ்க்கையில் "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்கலாமே, தேர்வில் அது முடியாதே என்பது எதிர்க்கட்சி. எனக்கு இரண்டாம் கட்சியில்தான் நியாயம் படுகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும் பேச்சை ஒரே முறை போட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்டால் அதில் பாதி ஞாபகசக்திக்கான தேர்வு. குட்டி உரையாடலுக்கு ஒரு முறை, நீளமானதற்கு இரண்டு முறை என்ற சீன ஏற்பாடு நடுவழி, மோசமில்லை.

சரி, இதில் எதைத்தான் அளக்கிறார்கள்? கேட்பது ஒரே திறன் மாதிரித் தோன்றினாலும் அதற்குள் அடுக்குகள் இருக்கின்றன. அடியில் ஒலிகள். ஆங்கிலத்தைப் புத்தகத்தில் படித்தவர்களுக்குச் சொற்கள் தனித்தனியாகத் தெரியும், பேச்சில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குத் தெரியாமல் போவது இங்கேதான். சீன மாணவர்கள் மட்டும் இல்லை, நம் ஊரில் ஆங்கிலப் படத்தைச் சப்டைட்டில் இல்லாமல் பார்க்கத் திணறுகிறவர்களுக்கும் இதே கதைதான். அதற்கு மேல் எண், நேரம், இடம் போன்ற விவரங்கள். அதற்கும் மேலே பேசுகிறவர்கள் யார், எங்கே இருந்து பேசுகிறார்கள், அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்பது. உச்சியில், சொல்லாமல் சொன்னது.

கடைசி அடுக்குக்கு நானே ஓர் உரையாடல் கட்டிப் பார்க்கிறேன். பெண்: "இன்று மாலை படத்துக்குப் போகலாமா?" ஆண்: "நாளை காலையில் எனக்கு இயற்பியல் தேர்வு இருக்கிறதே." கேள்வி: ஆண் மாலையில் என்ன செய்யக்கூடும்? விடைகள்: படம் பார்ப்பார், தேர்வு எழுதுவார், வீட்டில் படிப்பார். 'படிப்பார்' என்ற சொல் உரையாடலிலேயே இல்லை, 'வரமாட்டேன்' என்றும் அவர் சொல்லவில்லை. ஆனால் கேட்டவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. 'படம்' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்தவர் முதல் விடைக்குப் போவார். 'தேர்வு' மட்டும் பிடித்தவர் இரண்டாவதுக்குப் போவார். இரண்டையும் பிடித்து, 'நாளை' என்பதையும் பிடித்து, அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று கணக்குப் போட்டவருக்கே மூன்றாவது கிடைக்கும். காதில் விழுந்த சொல்லைத் தவறான விடையில் வைப்பதும், சரியான விடையை வேறு சொற்களில் எழுதுவதும் இந்தத் தொழிலின் வழக்கம்.

வழக்கம் என்றால் மாணவர்களும் கண்டுபிடித்துவிடுவார்கள் இல்லையா? கேட்ட சொல் அப்படியே விடையில் இருந்தால் சந்தேகப்படு என்பது பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் பழைய உத்தி. அதனால் கேள்வி தயாரிப்பவர் அவ்வப்போது கேட்ட சொல்லையே சரியான விடையிலும் வைக்கிறார். பூனை எலி விளையாட்டு ஓய்வதில்லை.

இந்த ஒலிப்பதிவுகளில் ஒரு குறை எனக்குக் கண்ணில் படுகிறது. காதில் என்று சொல்ல வேண்டும். எல்லாரும் ஸ்டூடியோவில் எழுதிவைத்ததை வாசிக்கிறார்கள். ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் தொடங்குகிறார். தடுமாற்றம் கிடையாது, பாதியில் வாக்கியத்தை மாற்றுவது கிடையாது, பின்னால் பஸ் சத்தம் கிடையாது. உச்சரிப்பும் பெரும்பாலும் அமெரிக்கம் அல்லது பிரிட்டிஷ். நாளைக்கு இந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசப்போவது ஒரு நைஜீரிய வியாபாரியோடோ சென்னைப் பொறியாளரோடோ இருக்கலாம். அந்த ஆங்கிலம் தாளில் வருவதில்லை.

சத்தம் போடாதே

வாசிப்புத் தேர்வில் எல்லார் கையிலும் ஒரே தாள் இருக்கும். கேட்டல் தேர்வில் ஒரே ஒலிப்பதிவு எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஒலிபெருக்கி பழையதாக இருக்கும், மாணவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார், வெளியே யாரோ ஹாரன் அடிப்பார்கள். ஒரு ஹாரன் ஒரு எண்ணை விழுங்கினால் ஒன்றரை மதிப்பெண் போச்சு. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் போட்டியிடும் இடத்தில் ஒன்றரை மதிப்பெண் ஒரு கல்லூரியையே மாற்றிவிடும். அதனால் தேர்வு நாள்களில் சீன நகரங்களில் மையங்களைச் சுற்றிக் கட்டட வேலையை நிறுத்துவார்கள், ஹாரன் அடிக்கத் தடை போடுவார்கள், போலீஸ் வண்டிகளைத் திருப்பிவிடும். பக்கத்தில் தென்கொரியா இன்னும் ஒரு படி மேலே. அங்கே நவம்பரில் நடக்கும் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கேட்டல் ஓடும் அரைமணி நேரத்துக்கு நாடு முழுவதும் விமானங்கள் ஏறவும் இறங்கவும் அனுமதி கிடையாது.

காது கேளாத மாணவர் என்ன செய்வார்? சீனாவில் அவர்களுக்குக் கேட்டல் பகுதியிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால், மீதி 120க்கு எழுதியதை 150க்கு விரித்துக்கொள்கிறார்கள். 96 வாங்கினால் அது 120 ஆகும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஒருவரின் வாசிப்பும் எழுத்தும் எப்படியோ அவர் கேட்டிருக்கக்கூடியதும் அப்படியே இருக்கும் என்ற ஊகம் இந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கிறது. கேட்பதும் படிப்பதும் வேறு வேறு திறன்கள் என்று சொல்லித்தானே தனித்தனியாகத் தேர்வு வைத்தோம்! வேறு வழியும் தெரியவில்லை என்பதால் இதை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை.

வாசிப்பு: விடை பத்திக்குள் இருக்கிறதா?

வாசிப்புப் பகுதியில் நான்கு பத்திகள், 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண். எளிதிலிருந்து கடினத்துக்கு ஏறுவது பொது வழக்கம். முதல் பத்தி பெரும்பாலும் அருங்காட்சியக நேரம், முகாம் விளம்பரம், சுற்றுலாக் கட்டணம் மாதிரி ஒன்று. அதில் முழுதும் படிக்காமல் வேண்டியதைத் தேடி எடுக்கத் தெரிய வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் ஒருவரின் கதை. மூன்றும் நான்கும் அறிவியல், சமூகம், சூழல் பற்றிய கட்டுரைகள். பெரும்பாலும் ஆங்கில இதழ்களிலும் இணையதளங்களிலும் வந்தவற்றை எடுத்துச் சுருக்கி, சொற்களை எளிமையாக்கித் தருவார்கள். மேல்நிலைப் பாடத்திட்டம் எதிர்பார்ப்பது சுமார் 3000 சொற்கள். அதற்கு வெளியே ஒரு சொல் தவிர்க்க முடியாமல் வந்தால் பக்கத்திலேயே அடைப்புக்குள் சீன அர்த்தம் போடுவார்கள்.

கேள்விகளில் நான்கைந்து வகை திரும்பத் திரும்ப வரும்: ஒரு விவரம், சொல்லாமல் சொன்னது, தெரியாத சொல்லின் பொருளைச் சுற்றுப்புறத்தை வைத்து ஊகிப்பது, எழுதியவரின் நிலைப்பாடு, பத்திக்குப் பொருத்தமான தலைப்பு. கடைசி வகையில்தான் நல்ல மாணவர்களும் தடுக்கி விழுவார்கள். நான்கு தலைப்புமே பத்தியோடு ஏதோ ஒரு விதத்தில் தொடர்புடையவையாக இருக்கும். ஒன்று பத்தியின் ஒரு துண்டை மட்டும் பிடிக்கும், இன்னொன்று பத்தியைவிட அகலமாக விரியும்.

இங்கேயும் ஒரு பத்தி நானே எழுதுகிறேன். "ஒரு கடலோரச் சிற்றூர் நூலகத்துக்கு ஆள் வருவது குறைந்தது. நூலகர் புது நூல் வாங்கப் பணம் கேட்கவில்லை. இரவு 8 மணி வரை கதவைத் திறந்துவைத்தார். மீனவர்கள் உட்கார்ந்து வலை பின்ன ஒரு மூலையை ஒதுக்கினார். ஓராண்டில் கூட்டம் கூடியது. வலை பின்ன வந்தவர்களின் பிள்ளைகள் கதைப் புத்தகத்தோடு வீடு திரும்பினார்கள்." கேள்வி: கூட்டம் ஏன் கூடியது?

அ) புது நூல்கள் வந்ததால். ஆ) மீனவர்கள் பிள்ளைகளுக்குக் கதை சொன்னதால். இ) வேறு வேலையாக வருபவர்களுக்கும் இடம் கொடுத்ததால். ஈ) பிள்ளைகளின் வளர்ச்சிக்கு வாசிப்பு தேவை என்பதால்.

விடை இ. மற்ற மூன்றையும் பாருங்கள். அ, பத்தியில் உள்ள சொல்லை எடுத்து 'வாங்கப் பணம் கேட்கவில்லை' என்ற மறுப்பைக் கழற்றிவிட்டது. ஆ, பத்தியில் உள்ள மூன்று சொற்களைப் பத்தியில் இல்லாத உறவில் கோத்தது. ஈ ஒரு பொது உண்மை. யாரும் மறுக்க மாட்டார்கள், ஆனால் பத்தி அதைச் சொல்லவில்லை. மூன்றும் மூன்று விதமான அரைகுறை வாசிப்புக்குப் போட்ட வலை.

ஒரு வாசிப்புக் கேள்வியைச் சோதிக்கச் சுலபமான வழி, பத்தியை மறைத்துவிட்டு நாலு பேரிடம் கேள்வியை மட்டும் கொடுப்பது. அப்போதும் பெரும்பாலானோர் சரியாகச் சொன்னால் அது வாசிப்புக் கேள்வியே இல்லை. தேனீ, மாசு, உடற்பயிற்சி போன்ற எல்லாருக்கும் தெரிந்த தலைப்புகளில் இந்த ஆபத்து அதிகம். யாருக்கும் தெரியாத தலைப்பாக எடுத்தால்? அங்கே வேறு வம்பு. கடல் அலைச்சறுக்கு பற்றியோ நவீன ஓவியக் கூடம் பற்றியோ பத்தி வந்தால் ஷாங்காய் பிள்ளைக்கு அது பார்த்த விஷயம், உள்நாட்டு மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு அந்நியம். இருவரின் ஆங்கிலமும் சமமாக இருந்தாலும் ஒருவர் பாதி படித்ததுமே மீதியை ஊகித்துவிடுவார்.

நான்கு பத்திகளுக்குப் பிறகு இன்னொரு வகை வருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு கட்டுரையில் ஐந்து இடங்களில் வாக்கியத்தை உருவிவிடுவார்கள். கீழே ஏழு வாக்கியங்கள் இருக்கும். ஐந்தைப் பொருத்த வேண்டும், இரண்டு மிச்சமாகும். இங்கே தனித்தனி வாக்கியத்தின் பொருள் தெரிந்தால் போதாது. 'அது' என்றால் முந்தைய வரியில் எது, 'ஆனால்' என்று தொடங்கினால் முன்னே என்ன சொல்லியிருக்க வேண்டும், இந்தப் பத்தி உதாரணத்துக்குப் போகிறதா முடிவுக்குப் போகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். எழுத்தின் மூட்டுகளைத் தொட்டுப் பார்க்கும் கேள்வி. குருட்டு அடி இதில் அதிகம் செல்லாது. ஒரே கஷ்டம், ஒன்றைத் தவறாக வைத்தால் அதற்குரிய இடம் கைவிட்டுப் போய் இன்னொன்றும் தவறும்.

தேர்வு எப்படியோ வகுப்பும் அப்படியே

இப்படி ஒரு தேர்வை மாற்றினால் பள்ளியில் பாடம் நடத்துவது மாறுமா? இதைச் சோதித்துப் பார்த்த நாடுகளில் சீனா முக்கியமானது. 1985இல் குவாங்டொங் மாகாணத்தில் குய் ஷிசுன், லி சியாவ்ஜு போன்ற பேராசிரியர்கள் முன்னின்று தரப்படுத்திய ஆங்கிலத் தேர்வு ஒன்றைச் சோதனையாகத் தொடங்கினார்கள். இலக்கண விதி தெரியுமா என்று கேட்பதை விட்டு, மொழியைப் பயன்படுத்தத் தெரியுமா என்று கேட்டால் ஆசிரியர்களும் அப்படியே நடத்துவார்கள் என்பது நம்பிக்கை.

ஓரளவு நடந்தது. கேட்டல் கருவிகள் வகுப்புக்கு வந்தன, பாடநூலுக்கு வெளியே படிக்கக் கொடுத்தார்கள். ஆனால் 2000களில் சி லூஷியா என்ற ஆய்வாளர் தேர்வுத் தயாரிப்பாளர்களிடமும் ஆசிரியர்களிடமும் பேசி, வகுப்புகளையும் பார்த்துவிட்டு எழுதியது அவ்வளவு உற்சாகம் தரவில்லை. தயாரிப்பாளர்கள் எதிர்பார்த்த மாற்றம் பெரிதாக வரவில்லை. வகுப்பில் நடந்தது தேர்வுக் கேள்வி வடிவங்களில் ஓயாத பயிற்சி. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையையும் பாடம் நடத்துவதைத் திருத்தும் வேலையையும் ஒரே தாளின் தலையில் ஏற்றியதுதான் சிக்கல் என்பது அவர் வாதம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கல்லூரி இடமே அந்தத் தாளில் தொங்கும்போது, எந்த ஆசிரியர் துணிந்து வகுப்பில் அரட்டை அடிக்கவிடுவார்?

அண்மையில் வேறு வழியில் முயல்கிறார்கள். பெய்ஜிங்கில் 2021 முதல் 150இல் 50 மதிப்பெண் கணினி முன் உட்கார்ந்து கேட்பதற்கும் பேசுவதற்கும். கடைசி ஆண்டில் இரண்டு வாய்ப்பு, கூடுதலாக வந்தது கணக்கில் சேரும். ஷாங்காயில் பேச்சுத் தேர்வுக்கு 10 மதிப்பெண். செஜியாங் மாகாணத்தில் 2016இல் தொடங்கிப் புதிய தேசியத் தாள் வரைக்கும் பரவிய இன்னொரு கேள்வி உண்டு: பாதியில் நிற்கும் ஒரு கதையைக் கொடுத்து, இரண்டு பத்திகளின் முதல் வாக்கியங்களையும் கொடுத்து, மீதியை எழுதச் சொல்வார்கள். 25 மதிப்பெண். கணக்கில் அது எழுத்துத் தேர்வு. ஆனால் கதையில் யார் யாரிடம் ஏன் கோபப்பட்டார் என்று புரியாதவர் ஒரு வரிகூடத் தொடர முடியாது. கட்டம் கருக்காமல் வாசிப்பை அளக்கும் தந்திரம்.

நல்ல கேள்வி என்று எண் சொல்லுமா?

கேள்வி எழுதியாகிவிட்டது, தேர்வும் முடிந்தது. இப்போது எண்கள் பேசும். ஒரு கேள்விக்கு எத்தனை பங்கு பேர் சரியாக எழுதினார்கள் என்பது முதல் எண். ஆயிரத்தில் 550 பேர் என்றால் 0.55. அந்த எண் ஒன்றுக்கு அருகில் போனால் கேள்வி எளிது, பூஜ்யத்துக்கு அருகில் போனால் கடினம்.

இதைவிடச் சுவாரசியமானது இரண்டாவது எண். மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 சதவீதம் பேரையும் கீழே உள்ள 27 சதவீதம் பேரையும் தனியே எடுத்துக்கொள்ளுங்கள் (27 என்பது அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ட்ரூமன் கெல்லி 1939இல் கணக்குப் போட்டுச் சொன்ன அளவு). ஆயிரம் பேரில் இது 270, 270. மேல் குழுவில் 216 பேர் சரி என்றால் 0.80. கீழ்க் குழுவில் 81 பேர் சரி என்றால் 0.30. வித்தியாசம் 0.50. இந்தக் கேள்வி தெரிந்தவரையும் தெரியாதவரையும் நன்றாகப் பிரிக்கிறது. 0.95, 0.90 என்று வந்தால் வித்தியாசம் 0.05 மட்டுமே. அந்தக் கேள்வி இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. சில சமயம் கீழ்க் குழு மேல் குழுவைவிட நன்றாக எழுதியிருக்கும். அப்போது மாணவர்களைக் குறை சொல்லக்கூடாது, கேள்வியைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு விடை சரியாக இருக்கலாம். நன்றாகப் படிப்பவர்கள் ஆழமாக யோசித்து அந்த இரண்டாவது விடைக்குப் போயிருப்பார்கள்.

இந்த எண்களைத் தேர்வுக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லதுதான். ஐஇஎல்டிஎஸ் மாதிரி தேர்வுகளில் கேள்விகளை முன்கூட்டியே வேறு ஆட்களிடம் கொடுத்துச் சோதிப்பார்கள். காவோகாவோவில் அதற்கு வழி குறைவு. வினாத்தாள் அரசு ரகசியம், தயாரிப்பவர்களை வெளித்தொடர்பு இல்லாமல் அடைத்துவைத்துத்தான் வேலை வாங்குவார்கள். முன்பே பத்துப் பேர் பார்த்துவிட்டால் கசியும். தேர்வு முடிந்ததும் தாள் ஊருக்கே தெரிந்துவிடுவதால் அதே கேள்வியை அடுத்த முறை போட்டு ஒப்பிடவும் முடியாது. ஆகவே ஒரு தாள் இன்னொரு தாளைவிடக் கடினமா என்பது எழுதி முடித்த பிறகே தெரியும்.

ஆண்டுக்கு ஒரு தாள் என்றவரை இதில் பெரிய வம்பு இல்லை, எல்லாருக்கும் ஒரே கஷ்டம். இரண்டு வாய்ப்புக் கொடுத்ததும் வம்பு வந்தது. நுழைவுத் தேர்வு முறையில் 2014இல் வந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு செஜியாங்கில் ஆங்கிலத்தை இரண்டு முறை எழுதிக் கூடுதலானதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2018 நவம்பர் தாள் முந்தையதைவிடக் கடினமாகிவிட்டது. அதிகாரிகள் வாசிப்பிலும் மொழிப் பயன்பாட்டிலும் சில கேள்விகளுக்கு யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல் மதிப்பெண்ணைச் சரிக்கட்டிக் கொடுத்தார்கள். கடினமான கேள்வியைத் தவறவிட்டவருக்கு ஏறியது, கஷ்டப்பட்டுச் சரியாக எழுதியவருக்கு ஏற இடமில்லை. பெற்றோர்கள் கொதித்தார்கள், மாகாண அரசு விசாரணை வைத்தது. டிசம்பர் தொடக்கத்தில் சரிக்கட்டல் ரத்தாகிப் பழைய மதிப்பெண்ணே திரும்ப வந்தது, மாகாணக் கல்வித்துறைத் தலைவர் பதவி இழந்தார். இரண்டு வாய்ப்பு மட்டும் போகவில்லை. நவம்பர் தேர்வு 2020இல் ஜனவரிக்கு நகர்ந்தது. இன்றும் செஜியாங் மாணவர்கள் ஜனவரியில் ஒரு முறையும் ஜூனில் ஒரு முறையும் ஆங்கிலம் எழுதுகிறார்கள், எது கூடுதலோ அது கணக்கில் ஏறுகிறது.